பிரிக்கப்படாத ஆறு அட்டைகள்

கொழுப்பு மாத்திரையை நிறுத்துவது என்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. அது தானாக நின்றது.

எனக்கு வயது 57. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முன்பே உண்டு. சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 168 என்று வந்தது. அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், இரவு ஒன்று. இரண்டே மாதத்தில் 94. மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்கருகே உள்ள பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். நோய் தீர்ந்துவிட்டது என்றே நம்பினேன். மருந்துச் சீட்டிலும் '30 நாள்' என்றுதான் எழுதியிருந்தது.

முதலில் கல்யாண வீடு, வெளியூர் என்று ஓரிரு இரவு தவறியது. பிறகு நடேசன் பூங்காவில் நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தது. அதே வாரம், இந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. அதன்பின் மாத்திரையைத் தொடவே இல்லை. மனைவி மாதாமாதம் வாங்கி வைத்ததை இழுப்பறையின் அடியில் தள்ளினேன்.

அடுத்த பரிசோதனையில் 161. மருத்துவர், "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். "சாப்பிடுகிறேன்" என்றேன். அவர் அதை நம்பி, 20 என்பதை அடித்துவிட்டு 40 என்று எழுதத் தொடங்கினார். பேனா அந்த நான்கைப் போட்டதை இன்றும் மறக்க முடியவில்லை. சாப்பிடாத மருந்துக்கு அளவு இரட்டிப்பாகிறது! என் மனைவிதான் கைப்பையைத் திறந்து, பிரிக்கப்படாத ஆறு அட்டைகளை மேசைமேல் வைத்தாள். அறுபது மாத்திரைகள்.

அவர் கோபப்படவில்லை. "வாரத்தில் எத்தனை நாள் விடுவீர்கள் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். கொழுப்பில் பெரும்பங்கை உடலே தயாரிக்கிறது, ஈரலில் நடக்கும் அந்தத் தயாரிப்பை மாத்திரை குறைக்கிறது, நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்று விளக்கினார். 94 என்பது மாத்திரை காட்டிய எண். நான் அதை என் உடம்பின் எண்ணாக நினைத்திருந்தேன்.

வலியை அவர் தள்ளிவிடவில்லை. தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய சி.கே. பரிசோதனையும், தைராய்டு, வைட்டமின் டி அளவுகளும் பார்க்கச் சொன்னார். சி.கே. சரியாக இருந்தது, வைட்டமின் டி மிகக் குறைவு. லண்டனில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். நான் சாப்பிட்ட அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளுக்கு ஸ்டேட்டின் என்று பெயர். தொல்லை தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டேட்டின், சில மாதங்கள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை. மருந்தின்போது உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்ததாம். அவர்களுடைய வலி பொய்யில்லை, மருந்தின்மேல் இருந்த பயமும் வலியாகும் என்றார். ஆனாலும் தசைவலி கடுமையாகி, சிறுநீர் கறுத்துப் போனால் உடனே வரவேண்டும் என்று எச்சரித்தார்.

ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டேட்டினை 5 மில்லிகிராமில் தொடங்கினோம். அதை எந்த நேரத்திலும் சாப்பிடலாம் என்பதால், காலையில் ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்துக்கொண்டேன். இப்போது தவறுவதில்லை.

போன மாதம் தாம்பரத்தில் இருக்கும் என் மைத்துனரிடம் பேசினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர். "கொழுப்பு மாத்திரை வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது, மச்சான்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நிறுத்தியே மூன்று மாதமாகிறது, மாப்பிள்ளை" என்றார். மறுநாள் காலை, மீதமிருந்த அட்டைகளோடு அவரை அவருடைய இதய மருத்துவரிடம் அழைத்துப்போனேன்.