எஃப்5 ஆம்ப்: இடது ஹீட்சிங்க் ஒருவழியாக முடிந்தது

ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸின் எஃப்5-ஐ வீட்டில் நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். இடது சேனலில் பயஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம்) நிலைத்துவிட்டது. 0.47 ஓம் சோர்ஸ் ரெசிஸ்டரில் 0.6 வோல்ட், அதாவது சுமார் 1.3 ஆம்பியர். சூடு ஏற ஏற அலைந்துகொண்டிருந்த மீட்டர் முள் அப்புறம் அசையவே இல்லை. அவுட்புட்டில் டிசி சில மில்லிவோல்ட்தான். நெல்சன் பாஸின் சர்க்யூட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போர்டு சாலிடர் செய்வது ஒரு மாலை வேலை. மாதக்கணக்கில் இழுத்தடித்தது ஹீட்சிங்கில், அதாவது சூட்டை வெளியேற்றும் அலுமினியக் கட்டியில், மரை போடுவதுதான்.

±24 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் என்றால், பாட்டே ஓடாதபோதும் சேனலுக்கு 62 வாட் சூடு. 8 ஓமில் நமக்குக் கிடைப்பதோ 25 வாட். வாட்டுக்கு 0.4 டிகிரி மட்டுமே சூடேறும் ஹீட்சிங்க் போட்டால்தான் அறை வெப்பத்துக்கு மேல் 25 டிகிரியோடு நிற்கும். அவ்வளவு அலுமினியத்தை இரண்டு கையால்தான் தூக்க முடியும்.

எம்3 மரைக்கு 2.5 மில்லிமீட்டர் ஓட்டை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தகட்டுக்குப் பின்னால் ஃபின் (காற்றில் சூட்டை விடும் மெல்லிய இதழ்கள்) இருப்பதால் ஓட்டை மறுபக்கம் வெளியே வராது. சீவல் விழ இடமில்லை. அலுமினியச் சீவல் டேப்பின், அதாவது மரை வெட்டும் கருவியின், பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். செட்டாக மலிவு விலையில் விற்கிறார்களே, அந்தக் கைடேப் ‘டிக்’ என்று உள்ளேயே முறிந்தது. முறிந்த துண்டோ கடினமான எஃகு, சுற்றிலும் மெத்தென்ற அலுமினியம். டிரில் பிட்டை வைத்தால் அலுமினியப் பக்கம்தான் சாயும். படிகாரத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் எஃகு மட்டும் கரையும் என்பார்கள், உண்மைதான். இந்த உருப்படியை எந்தப் பாத்திரத்தில் கொதிக்கவைப்பது? பேசாமல் பக்கத்தில் வேறு ஓட்டை போட்டேன்.

விடிவு தந்தது, பள்ளம் சுருளாக ஓடும் ஸ்பைரல் ஃப்ளூட் மெஷின் டேப். சீவலைத் தானே மேலே இழுத்து வெளியே தள்ளும். அதை டிரில் பிரஸ் சக்கில் பிடித்து, கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கையால் சக்கைத் திருப்பினேன். டேப் சாயவே சாயாது. மண்ணெண்ணெய் தாராளமாக விடவும். மரை போட்டபின் ஓட்டை விளிம்பை லேசாகச் சரிவாக வெட்டிவிடுங்கள். அங்கே பிசிறு நின்றால், டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மின்சாரம் கடக்காமல் தடுக்கும் மைக்கா தாளைக் குத்திவிடும். அவுட்புட் டிரான்சிஸ்டரான ஐஆர்எஃப்பி240-இன் உலோக முதுகுதான் அதன் டிரெய்ன் முனை என்பதால் நேரே ஷார்ட். ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தபிறகே பவர் கொடுத்தேன்.

இதில் மூழ்கியிருந்தபோதுதான் ஹைஎண்ட் ஆம்ப் விலைப்பட்டியலைப் பார்த்து எரிச்சல்படுவது கொஞ்சம் குறைந்தது. மெஷின் ஷாப்பில் விசாரித்தேன். இரண்டு தகடு வெட்டினாலும் இருநூறு வெட்டினாலும் செட்டிங் கூலி ஒன்றுதான். வருடத்துக்குச் சில டஜன் ஆம்ப் மட்டும் செய்யும் சின்ன கம்பெனிக்கும் இதே கதை. 1970களில் ஜப்பானியர்கள் கனமான ரிசீவர்களை அவ்வளவு எண்ணிக்கையில் செய்ததால்தான் டூலிங் (அச்சு, கருவி, செட்டிங்) செலவு பங்கு பிரிந்து தெரியாமல் போனது. இன்று பெரும்பாலானோர் ஹெட்போனுக்கும் புளூடூத்துக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கும் சிலர் தலையில்தான் டூலிங், டீலர் கமிஷன், இருபது முப்பது கிலோவைக் கப்பலேற்றும் செலவு எல்லாம் விழுகிறது. ஆள் குறையக் குறைய விலை ஏறுகிறது, விலை ஏற ஏற ஆள் குறைகிறது.

அதற்காக எல்லாமே நியாயம் என்று சொல்ல மாட்டேன். முழுக் கட்டியிலிருந்து கடைந்த இரண்டு சென்டிமீட்டர் முன்தகடு ஒலியில் எதையும் மாற்றாது. விலையே விளம்பரம் என்று நினைப்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

உதிரிபாகத் தொல்லை தனி. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் ஏகேஎம் சிப் ஆலை எரிந்தபோது, டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) செய்பவர்கள் பலர் வேறு சிப்புக்கு போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவையும் யாரோ கொடுக்கத்தான் வேண்டும். இந்த ஆம்பின் இன்புட்டில் வரும் டோஷிபா 2எஸ்கே170, 2எஸ்ஜே74 ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஜோடியின் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிறது. ஏலத் தளங்களில் கிடைப்பதில் போலி ஏராளம். மேலே அச்சு மட்டும் அசல் மாதிரியே இருக்கும். நான் அவற்றுக்கு மாற்றாக லீனியர் சிஸ்டம்ஸ் கம்பெனியின் எல்எஸ்கே170, எல்எஸ்ஜே74 வாங்கினேன். விலை கடிக்கிறது, ஆனால் இரவு தூங்கலாம்.

வலது சேனல் ஹீட்சிங்கில் இன்னும் ஓட்டைகூடப் போடவில்லை. அதற்குள் மனம் சூடு குறைவான ஸ்விட்சிங் வகை ஆம்பான கிளாஸ் டி பக்கம் ஓடுகிறது. அந்த வகை ஆம்ப் வடிவமைப்பாளர் புரூனோ புட்சேஸ் வழிவந்த ஹைபெக்ஸ், பியூரிஃபை மாட்யூல்களின் அளவீடுகளைப் பார்த்தால், இந்த 62 வாட் சூடெல்லாம் எதற்கு என்றுதான் தோன்றும். பேஸுக்கு அதில் ஒரு ஜோடி, அதற்கு மேற்பட்ட ஒலிகளுக்கு எஃப்5, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துத் தர ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்று தாளில் வரைந்தும் ஆயிற்று. முன்தகட்டுக்குத் தேக்குப் பலகை போதும். இடது சேனலின் மிச்ச ஜேஃபெட்களை இன்று ஐடிஎஸ்எஸ் (கேட் வோல்டேஜ் பூஜ்யத்தில் ஓடும் மின்னோட்டம்) அளந்து பிரித்து வைத்தேன். வலதுக்கு ஒரு நல்ல ஜோடி தேறும் போலிருக்கிறது.