கட்டடத்துக்குப் பணம் உண்டு, வாடகைக்கு?

வீடற்றோருக்கு நிரந்தர வீடு தர ஒரே உண்டியல் போதாது. கட்டுவதற்கு ஒன்று, மாத வாடகையில் விழும் துண்டை அடைக்க ஒன்று, மனநல, போதை மீட்புப் பணியாளர்களின் சம்பளத்துக்கு ஒன்று. மூன்றில் ஒன்று வறண்டாலும் திட்டம் நொண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் நல்ல பாடம். 2016இல் நகர வாக்காளர்கள் 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். இலக்கு, பத்தாண்டில் 10,000 வீடுகள். கடன் சொத்து வரியில் அடைபடும். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டுமானத்தில் மட்டுமே போடலாம், சம்பளத்துக்குத் தொட முடியாது. அதற்குத்தான் 2017இல் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகம்) கால் சதவீத விற்பனை வரி போட்டது. 2025 ஏப்ரலில் அதன் இடத்தில் அரை சதவீத வரி வந்தது.

சிக்கல் கட்டுமானத்திலேயே தொடங்கியது. பத்திரப் பணம் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு பங்குதான். மீதிக்கு மத்திய அரசின் வரிச் சலுகை, மாநிலக் கடன், வங்கி என்று அலைய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு, தனி நிபந்தனை. ஒருவர் தாமதித்தால் மற்றவர் காத்திருப்பார். அதற்குள் சிமெண்டும் கூலியும் ஏறிவிடும். 2022 தணிக்கையில், கட்டப்பட்டுவந்த வீடுகளின் சராசரிச் செலவு ஏறத்தாழ 6 லட்சம் டாலர். (அந்த விலைக்கு அங்கே சொந்த வீடே தேடலாம்!)

வாடகைக் கணக்கு எளிது: குடியிருப்பவர் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கட்டுவார், மீதி மத்திய அரசின் வவுச்சரில், அதாவது வாடகை உதவிச் சீட்டில் வரும். வவுச்சர் உறுதியாகாமல் அஸ்திவாரம் தோண்டுவது அசட்டுத் துணிச்சல். வங்கியும் கடன் தராது.