தேக்காவில் எட்டு மணி

கல்லாவுக்கு இடப்பக்கம் ஓர் ஆணியில் சிவப்பு ராஃபியா கயிறு கட்டி, அதன் நுனியில் ஓப்பனர் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் அதற்கு ஓய்வே கிடையாது. பெரிய பாட்டில் பீர் வாங்குபவர் காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே மூடியைத் திறந்து, பாட்டிலைப் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துப் பிடித்தபடி வெளியே போவார். இரவு கடையைப் பெருக்கும்போது மூடிகள் மட்டும் ஒரு முறம் சேரும்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், எங்கள் வாயில் வருவதைச் சொன்னால் தேக்காவில், ஒரு மளிகைக் கடையில் 2011 முதல் 2016 வரை கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வார நாட்களில் தேங்காய்ப்பால், கறிவேப்பிலை, இட்லி அரிசி என்று அக்கம்பக்கத்து வீட்டு வியாபாரம். ஞாயிறு வேறு கடை. துவாஸ், ஜூரோங், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் என்று தீவின் ஓரங்களில் இருக்கும் தங்கும் விடுதிகளிலிருந்து தனியார் பேருந்துகளில் தொழிலாளர்கள் வந்து இறங்குவார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று ஊர் ஊராகத் தமிழ் காதில் விழும். சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. ஊருக்குப் பணம் அனுப்புவது, போன் கார்டு வாங்குவது, வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவது, ஊர்க்காரனைத் தேடிப்பிடிப்பது, சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் அந்த ஒரே நாளுக்குள் முடிந்தாக வேண்டும்.

ஒரு பையன் வருவான், இருபத்தைந்து வயது இருக்கும். முதலில் போன் கார்டு, பிறகு பீர். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, அதைக் கல்லா மேலேயே வைப்பான். "பாத்துக்கங்கக்கா, அம்மாகிட்ட பேசிட்டு வந்துர்றேன்." அம்மாவிடம் பேசும்போது கையில் பாட்டில் இருக்கக் கூடாது அவனுக்கு. கால் மணி நேரமோ அரை மணி நேரமோ அந்தப் பாட்டில் என் முன்னால் வியர்த்துக்கொண்டிருக்கும். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போய், எதிரே நடைபாதை விளிம்பில் உட்காருவான். பக்கத்தில் இன்னும் பத்துப் பேர். உட்கார அவர்களுக்கு அந்த விளிம்புதான் இருந்தது, அல்லது ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்வெளி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நான் பார்த்தேன். பஃபலோ ரோட்டு அடுக்குமாடியிலிருந்து எங்கள் கடைக்கு வரும் ஓர் அக்கா திங்கட்கிழமை காலையில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மின்தூக்கிக்கு முன்னால் வாந்தி, படிக்கட்டில் சிறுநீர், செடித்தொட்டிக்குள் உடைந்த கண்ணாடி. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளையை ஞாயிறு சாயங்காலம் கீழே அனுப்பப் பயம். அவர் கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் படிக்கட்டில் நானும் ஏறியிருக்கிறேன். மாதச் சம்பளத்தில் பாதியை ஒரே இரவில் குடித்துவிட்டு, மறுவாரம் அரிசி கடன் கேட்டு வந்து நின்றவர்களையும் எனக்குத் தெரியும். விற்றது நான். அந்தப் பாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

2013 டிசம்பர் 8. ஞாயிறு. இரவு ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில், விடுதிக்குத் திரும்பும் தனியார் பேருந்துக்கு அடியில் சிக்கி, தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். கூட்டம் கொதித்தது. போலீஸ் வண்டிகளும் ஓர் ஆம்புலன்ஸும் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர் காணாத கலவரம். நாங்கள் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே இருந்தோம். சாமான் வாங்க வந்த தொழிலாளர்கள் மூன்று பேரும் எங்களோடு மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து "நாளைக்கி நம்மள எல்லாரையும் அனுப்பிருவாங்கக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே என்ன நடந்தது என்று ஒன்றும் பார்க்காதவர் அவர். ஷட்டர் இடுக்கு வழியாக ரப்பர் எரியும் வாடை மட்டும் வந்தது.

அடுத்த வார இறுதியில் அந்த வட்டாரம் முழுக்க மது விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்று உத்தரவு வந்தது. அதன் பிறகு, வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் கடைகள் இரவு 8 மணிக்கு மேல் மது விற்கக் கூடாது, தெருவில் குடிக்கவே கூடாது என்றானது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, கலவரம் பெரிதானதற்கு மதுவும் ஒரு காரணம் என்று 2014-இல் சொன்னது. 2015 ஜனவரியில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரு விதி: இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கிப் போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவையும் கேலாங் என்ற வட்டாரத்தையும் மட்டும் தனியாகக் கோடு போட்டுப் பிரித்து அங்கே கூடுதல் விதி: சனி காலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம்.

முதல் விதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். படிக்கட்டில் வாந்தியைக் கழுவுகிறவருக்குத் தூக்கம் வேண்டும். இரண்டாவதில்தான் என் மனம் ஒப்பவில்லை. கடற்கரைப் பூங்காவில் ஞாயிறு பகலில் ஒருவர் பாய் விரித்து பீர் குடிக்கலாம். தேக்கா நடைபாதையில் அதே நேரம் அதே பீரைக் குடித்தால் அபராதம். பொருளும் கிழமையும் ஒன்றுதான், வந்து உட்காரும் ஆள்தான் வேறு. யார் எங்கே கூடுவார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதிய விதி, இடத்தின் பெயரைச் சொன்னாலும் ஆளைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம். இன்றுவரை அது மாறவில்லை.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் என் அண்ணன் மகள் இருக்கிறாள். அங்கே ஞாயிறு மது விற்பனைத் தடை தேவாலய ஓய்வு நாளை ஒட்டி வந்த பழைய பழக்கம். 2011-இல் அந்தந்த ஊரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று மாநிலம் சட்டம் போட, நவம்பரில் ஊர் ஊராக ஓட்டுப் போட்டார்கள். வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் ஒரே வரிசையில் நின்றதாக அவள் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் கடை வாசல்தான் ஞாபகம் வந்தது. பஃபலோ ரோட்டு அக்காவுக்கு ஓட்டு உண்டு, எனக்கும் உண்டு. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவர்களுக்கு இல்லை. அவர்களை யார் கேட்டார்கள்?

எட்டு மணி விதி வந்த பிறகு ஏழரையிலிருந்து கல்லாவில் நெரிசல் தாங்காது. முன்பு ஒரு பாட்டில் வாங்கி ஒரு மணி நேரம் குடித்தவர், இப்போது மூன்று வாங்கினார். எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது குளிர்பெட்டிக் கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டுவேன். ஒருநாள் எட்டு ஏழுக்கு ஒருவர் ஓடி வந்தார், பூட்ஸில் சிமெண்ட் காயவில்லை. "ஞாயித்துக்கெழமையும் ஓவர்டைம் போட்டுட்டாங்கக்கா, இப்பத்தான் லாரி எறக்கிவிட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு." நான் சங்கிலியைக் காட்டினேன். முதலாளியின் லைசென்ஸ் போய்விடும், எனக்கு வேறு வழியில்லை. அவர் வாதாடவில்லை. சங்கிலியைப் பார்த்தார், பிறகு ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஓப்பனரை முதலாளி அந்த மாதமே கழற்றிவிட்டார். குடிக்க முடியாத இடத்தில் திறந்து கொடுத்தால் வம்பு என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்யும் பையன் மட்டும் தொடர்ந்து வந்தான். இப்போது 100 பிளஸ் என்ற குளிர்பானம் வாங்குவான். ஒரு மாலை அவன் விளிம்பில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்க, சீருடைக்காரர் ஒருவர் அருகில் போய் நின்றார். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டிருப்பார், கையைக்கூட நீட்டவில்லை. பையன் எழுந்து நின்று, கேனை அவர் மூக்குக்கு நேராக உயர்த்திக் காட்டினான். அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். பையன் மறுபடி உட்காரவே இல்லை. நின்றபடியே குடித்து முடித்தான்.

விடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். கிரிக்கெட் திடலும் கடைகளும் இருக்கின்றன. நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆறு நாளும் விடுதி, சைட், விடுதி என்று போய்வந்தவர், ஏழாம் நாள் அங்கேயே இருக்கவா விரும்புவார்? பாட்டுக் கேட்கும் தெரு, மல்லிகைப்பூ வாசனை, தன் ஊர்ப் பேச்சு, இதற்காகத்தான் ஒரு மணி நேரம் பேருந்தில் வருகிறார். வந்தவருக்கு பீர் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உட்கார ஒரு நிழலும் ஒரு கழிப்பறையும் முதலில் கொடுத்திருந்தால் படிக்கட்டு இவ்வளவு நாறியிருக்காது என்கிறேன்.

வேலையை விடுவதற்கு முந்தின வாரம் பஃபலோ ரோட்டு அக்கா தேங்காய்ப்பால் வாங்க வந்தார்.

"இப்பத்தான்மா ஞாயித்துக்கெழம நிம்மதியா தூங்குறோம்" என்றார்.

"உங்க நிம்மதி எனக்கும் சந்தோஷம்தான்க்கா. ஆனா அவங்க எங்க போய் உட்காருவாங்க?"

அக்கா சில்லறையை எண்ணுவதை நிறுத்தினார். "எங்க புளோக் கீழ்த்தளத்துல நாலு பெஞ்ச் கெடக்கு. குடிக்காம உட்காந்தா நான் ஏன் வேணாங்கப் போறேன்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆனா யாரும் வந்து கேக்கலயே."

"நீங்க கூப்பிட்டீங்களாக்கா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.