வால்பாறை பஸ்ஸில் புத்தகம் படிக்க

பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் ஆழியார் வரை சமவெளிதான், தாராளமாகப் படிக்கலாம். அதைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே புத்தகத்தை மூடிவிடுவதுதான் நல்லது. மூட மனம் வராதவர்களுக்காக இது.

வளைவில் படித்தால் குமட்டும், ஆனால் இதில் வயிற்றின் மேல் தப்பில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் அசைந்து, உடம்பு திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ மடியில் அசையாமல் கிடக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிவருகிறது. டிரைவருக்கு இந்தத் தொல்லை அரிது. அடுத்த வளைவு அவருக்கு முன்பே தெரியும்.

அதனால் முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற முன்வரிசை சீட்டைப் பிடியுங்கள். பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் ஆட்டம் அதிகம். தலையைச் சாய்மானத்தில் அழுத்தி வைத்து, புத்தகத்தைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். பக்கத்தின் மேல்விளிம்புக்கு அப்பால் ரோடு ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். கை வலிக்கும், மடியில் பையை வைத்து முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். ஒரு பத்தி முடிந்ததும் நிமிர்ந்து தூரத்து மலையைப் பாருங்கள். பக்கத்து ஜன்னலில் சரசரவென ஓடும் மரங்களைப் பார்த்தால் இன்னும் மோசமாகும். வளைவு வந்தால் விரலை அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

போனில் படித்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல், வண்டியின் அசைவுக்கேற்பத் திரை ஓரத்தில் நகரும் புள்ளிகளை அக்சஸிபிலிட்டி பகுதியில் போட்டுக்கொள்ளலாம்.

காரணமில்லாமல் கொட்டாவி வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. வாயில் எச்சில் ஊறி, நெற்றி குளிர்ந்து வியர்க்கிற வரை படித்தால், பிறகு நிறுத்தியும் பெரிய பலன் இல்லை, தெளிய நேரமாகும். வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

மாத்திரை என்றால் அவோமின் போன்றவற்றைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் என்பதால் படிப்பும் அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. வாந்திக்குப் பலர் வீட்டில் வைத்திருக்கும் ஆன்டன்செட்ரான் பயணக் குமட்டலுக்கு அவ்வளவாகக் கேட்காது.