செம்புராங்கல்

திருவையாறு, பாபநாசம் பக்கம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் களிமண் வரும், மணல் வரும், கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் ஊறும். கல் வராது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் அது. அந்த மண்ணிலேயே சைட் சூப்பர்வைசராகப் பழகிய எனக்கு, தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் ஒரு கட்டட வேலை கிடைத்தது. மூன்றடி போனதும் கடப்பாரை நறநறவென்று இழுத்தது.

“செம்புராங்கல் தம்பி. இப்பவே செதுக்கிடணும், வெயில் பட்டா இறுகிடும்” என்றார் கந்தர்வகோட்டையிலிருந்து வந்திருந்த மூத்த கொத்தனார்.

ஒரு கட்டியை வாங்கிப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்பின் நிறம், தேனடை போல ஓட்டைகள், ஓட்டைக்குள் மஞ்சள் களி. நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. அதை சிமெண்ட் ஷெட் வாசலில் போட்டுவைத்தேன். ஒரு மாதம் கழித்துச் சுத்தியலால் ஓங்கித் தட்டியபோதுதான் சில்லு தெறித்தது.

மண் பரிசோதனை அறிக்கையில் அதன் பெயர் லேட்டரைட். பதிவேட்டில் நானும் அப்படியே எழுதினேன். செம்புராங்கல் என்பது வேலையாட்களின் பேச்சு, இதுதான் அறிவியல் என்று நினைப்பு.

அப்புறம்தான் அந்தச் சொல் பிறந்த கதையைப் படித்தேன். 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர், மலபார் என்று சுற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், கேரளத்து அங்காடிப்புரம் பக்கம் இந்தக் கல்லைப் பார்க்கிறார். இளக்கமாக இருக்கும்போதே வெட்டிச் செதுக்கி வைக்கிறார்கள். காற்றுப்பட்டதும் செங்கல் மாதிரி இறுகிவிடுகிறது. லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். அதை வைத்தே பெயர் சூட்டி, 1807இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். உள்ளூர் மொழிகளில் இதை ‘இட்டிகக் கல்லு’ என்பார்கள் என்றும் அதிலேயே குறித்திருக்கிறார். இட்டிகை என்றால் செங்கல். சங்கப் பாடலிலேயே இருக்கிற சொல். கல்லை வெட்டியவர்கள் வாயிலிருந்த பெயர்தான் லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு என் அறிக்கைக்கு வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பெருமழையும் வெயிலும் மாறிமாறி அடிக்க, பாறையிலிருந்து சிலிக்கா கரைந்து போய்விடும், இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். சிவப்பு அந்த இரும்பால் வருவது. ஈரம் காய்ந்தால் இறுகுவதும் அதனால்தான். கொத்தனார் அதை ஒரே வரியில் சொல்லியிருந்தார்.

மறுநாளே பதிவேட்டை எடுத்து, லேட்டரைட் என்று எழுதிய இடங்களிலெல்லாம் முன்னால் செம்புராங்கல் என்று சேர்த்தேன். எட்டு இடம் இருந்தது.