பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாத முகம்

விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, கிதாரும் டிரம்மும் பேரிரைச்சலோடு முழங்கும் ஹெவி மெட்டல் இசை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொள்வோம். அந்தச் சத்தத்துக்கு நடுவே, போன வாரம், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 2006ஆம் ஆண்டு பின்லாந்தின் லார்டி குழு பாடிய ‘ஹார்ட் ராக் ஹல்லெலூயா’வைக் கைப்பேசியில் மறுபடியும் பார்த்தேன்.

அந்தப் போட்டியில் பின்லாந்தின் கதை பரிதாபமானது. 1961 முதல் கலந்துகொண்டும் அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. 1963, 1965, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அதிகபட்சமாக எட்டியது 1973இல் பெற்ற ஆறாம் இடம். அப்படிப்பட்ட நாடு, கொம்பும் கோரைப்பல்லும் அழுகிய தோலுமாக நிற்கும் ஐந்து பேரை ஏதென்ஸுக்கு அனுப்பியபோது, கிரேக்கத்தில் சில மதக் குழுக்கள் இது சாத்தான் வழிபாடு என்று எதிர்த்தன. பாட்டின் தலைப்பிலேயே கடவுளைத் துதிக்கும் சொல் இருக்கிறது என்பதையும், சாத்தான் தோற்றுப்போனவன் என்று பொருள்படும் ஒரு பாட்டை இதே குழு ஏற்கெனவே வெளியிட்டிருந்தது என்பதையும் அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. மே 20 அன்று நடந்த இறுதிச் சுற்றில் லார்டி 292 புள்ளிகள் பெற்று வென்றது. அதுவரை அந்தப் போட்டியில் வேறு எந்தப் பாட்டும் அவ்வளவு பெற்றதில்லை.

இதை ஒரு கலகம் என்று கொண்டாடுபவர்களோடு என்னால் முழுமையாக ஒத்துப்போக முடியவில்லை. மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்ற விதிக்குப் பாட்டு அப்படியே அடங்கியிருக்கிறது. பல்லவியை ஒருமுறை கேட்டால் குழந்தைகூடத் திருப்பிப் பாடிவிடும். போட்டி விதிப்படி குரல் மட்டும்தான் நேரடியாக ஒலிக்கும், வாத்தியங்கள் முன்பே பதிவுசெய்யப்பட்டவை. ஆகவே கிதாரைப் பிய்த்து எறிவதுபோல வாசித்த அந்தப் பூதம் உண்மையில் வாசிப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தது. மெட்டல் ரசிகர்களுக்கு இது சங்கடமான செய்தி. ஆனால் கடைசியில் பாடகரின் முதுகிலிருந்து வௌவால் சிறகுகள் விரியும்போது சங்கடமெல்லாம் எனக்கு மறந்துபோகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வெற்றிக்குப் பிறகு நடந்ததுதான். பாடகர் மிஸ்டர் லார்டி, வட கோடியில் லாப்லாந்தின் ரோவனியெமி ஊர்க்காரர். முகமூடிகளைத் தம் கையாலேயே செய்பவர். முகமூடி இல்லாமல் பொதுவெளியில் தோன்றுவதில்லை என்பதில் குழுவினர் பிடிவாதமாக இருந்தார்கள். வென்ற சில நாட்களில் பின்லாந்துப் பத்திரிகை ஒன்று அவருடைய வெறும் முகத்தை அச்சிட்டுவிட்டது. அதைப் பார்க்கத் துடித்திருக்க வேண்டிய ரசிகர்களே கொதித்தெழுந்தார்கள். பத்திரிகை மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவருடைய சொந்தப் பெயர் இணையத்தில் ஒரே நொடியில் கிடைக்கும் என்றாலும், இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்குக் காரணம் என் அத்தை. மே மாதத்தில் நடக்கும், பக்தர்கள் நேர்ந்துகொண்டு வேஷம் கட்டும் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு ஒரு வருடம் என் மாமா தோட்டி வேஷம் கட்டினார். உடம்பெல்லாம் கரி பூசி, இடுப்பிலும் தலையிலும் வேப்பிலை சுற்றி, எதிரில் வருபவர்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தார். அந்த வேஷத்துக்கு அதுதான் முறை, திட்டு வாங்கியவர்கள் சிரித்தபடி கையெடுத்துக் கும்பிட்டார்கள். எட்டு வயதுச் சிறுவனான நான் ஆளை அடையாளம் கண்டுகொண்ட பெருமையில் “மாமா!” என்று கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்தினார். “வேஷம் கட்டினவங்கள உறவு சொல்லி, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதுடா. இப்ப அது உங்க மாமா இல்ல” என்றார். மறுநாள் காலையில் மாமா தறியில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். காது மடலின் பின்பக்கம் கரி இன்னும் போகாமல் ஒட்டியிருந்தது. அப்போதும் அவரைக் கூப்பிட எனக்குத் தயக்கமாகவே இருந்தது.

மாமாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. போன வாரம் அந்தக் காணொளியை அவரிடம் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இமைக்காமல் பார்த்தார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேஷம் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். சில மணி நேரம் ஆகுமாம் என்றேன். அந்த வெயிட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள் என்று அடுத்த கேள்வி. பிறகு கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு, “பாவம், என்ன வேண்டுதலோ” என்றபடி தறியை ஓட்டப் போய்விட்டார்.