போன் அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

கல்லிடைக்குறிச்சியில் கேபிள் லைன் பார்க்கிற எனக்கு, எத்தனை பேர் டிவி பார்க்கிறார்கள் என்று காட்டும் டிஆர்பி என்பது என் போன்தான். சீரியல் நேரத்தில் வயர் அறுந்தால் இரண்டு நிமிடம் தாங்காது. "அண்ணாச்சி, படம் தெரியமாட்டேக்கு!" விருது விழா போடுகிற ஞாயிறு சாயங்காலங்களிலும் முன்பெல்லாம் அப்படித்தான். அப்பளம் போடும் வீடுகளில் கை மாவில் இருக்கும், கண் டிவியில் இருக்கும். நடுவில் லைன் போனால் என் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள்.

2021 ஏப்ரல் 25, கொரோனா முழு ஊரடங்கு ஞாயிறு. ஏதோ ஒரு சேனலில் பழைய விருது விழாவை மறுபடி ஓட்டினார்கள். ராத்திரி எட்டரைக்கு ஓர் ஆச்சி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் புளியங்கொப்பு உரசி, தெரு முழுக்க லைன் இல்லை.

"எப்ப போச்சு ஆச்சி?"

"அஞ்சு மணிக்கே போயிட்டுய்யா. இன்னைக்கு எத்தன பேருக்கு வந்திருக்குன்னு நியூஸ் பாக்கணும்லா, அதான் கூப்பிட்டேன்."

மூன்றரை மணி நேரம். ஊரே வீட்டுக்குள் கிடந்தும் ஒருவரும் கேட்கவில்லை. ஏணியில் நின்று கனெக்டர் மாட்டும்போது எனக்கு ஒருமாதிரி இருந்தது. திட்டு வாங்கியே பழகிவிட்டதோ என்னவோ.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஆஸ்கர். லாஸ் ஏஞ்சலிஸில் வழக்கமான அரங்கை விட்டு யூனியன் ரயில் நிலையத்தில் முக்கியமான பகுதியை வைத்திருந்தார்கள். வண்டி லேட் என்று காத்திருப்பவர்கள் மாதிரி நட்சத்திரங்கள் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாகச் சிறந்த நடிகர் விருது, ஆண்டனி ஹாப்கின்ஸுக்கு. ஆள் வரவில்லை, சட்டென்று முடித்துவிட்டார்கள். 2020இல் 2.36 கோடி அமெரிக்கர்கள் பார்த்த விழாவை அந்த வருடம் பார்த்தது சுமார் 1.04 கோடி. கிராமி இசை விருது விழாவும் 1.87 கோடியிலிருந்து 88 லட்சத்துக்கு இறங்கியது.

நெட்டில் படம் காட்டும் ஓடிடி வந்ததால்தான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதே திங்கட்கிழமை காலையிலிருந்துதான் நம் ஊர் தியேட்டர்களையும் மூடினார்கள். அமெரிக்காவில் அதற்கு ஒரு வருடம் முன்பே மூடல் தொடங்கிவிட்டது. கூட்டத்தோடு உட்கார்ந்து விசிலடிக்காத படம் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன?

2023 மார்ச் 13, காலை ஏழு மணிக்கு அதே தெருவிலிருந்து போன்.

"அண்ணாச்சி, ஆர்ஆர்ஆர் படத்து நாட்டு நாட்டு பாட்டுக்கு ஆஸ்கர் குடுக்காவளாமே, எந்த நம்பர்ல வருது? நாங்க அம்பாசமுத்திரம் போயி பாத்த படம்லா!"